நாலரை விரல்

"ஹலோ... ஹலோ, உஸ்தா ஷவ்கி கடைங்களா? ... உஸ்தா, காலையில ஷாபான்னு ஒருத்தர் வந்து கார் கழுவற சாமான் ஒரு பை நெறைய வாங்கிட்டு வந்தாரே, அந்த வீட்டுலருந்து பேசறேன். அவரோட அண்ணி, பஹீஜா... ஆமா, ஆமா, ஃபிக்ரி வீடுதான்... ஆமீன். அவர் போய் எட்டு மாசம் ஆச்சு... நல்ல மனுஷர்தான், ஆமா. உஸ்தா, அத அப்புறம் பேசலாம். எங்க கார் சக்கரத்துலருந்து ரத்தம் ஓடுது."

இஸ்மாயிலியா நகரின் அந்தக் குறுகிய தெருவில், கார் சாமான் கடை மேஸ்திரியை எல்லோரையும்போல உஸ்தா என்று அழைத்துப் பேசிக்கொண்டே, மூன்றாவது மாடி பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி பஹீஜா நின்றிருந்தாள். கீழே கருநீலக் கார். அதன் முன் சக்கரத்திலிருந்து கருஞ்சிவப்பாக ஏதோ வழிந்து, தெருவின் பள்ளம் பார்த்துச் சாக்கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கணவரின் தம்பி ஷாபான், கையில் ஸ்ப்ரே பாட்டிலோடு, தான்தான் ஏதோ கொலை செய்துவிட்டது போல இரண்டடி தள்ளி நின்றான். எதிர் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் கையில் சட்டையும் வாயில் கிளிப்புமாக அப்படியே நின்றுவிட்டார்கள். வியாழக்கிழமை, நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து அரை மணி. பிற்பகல் அஸர் தொழுகை நேரத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு வந்துவிடுவார்கள். பஹீஜாவின் ஒரே மகள் நிஹால், சிகை அலங்காரக் கடையிலிருந்து அந்தக் காரில்தான் மண்டபத்துக்குப் போகவேண்டும்.

"...இல்ல உஸ்தா, நான் எதுக்கு விளையாடப் போறேன். அந்தச் செவப்பு மூடி போட்ட ஸ்ப்ரே, சக்கரத்துக்குன்னு நீங்க குடுத்தது. அடிச்ச உடனே ஒண்ணும் தெரியல. ஒரு நிமிஷம் கழிச்சு ஊதாவாச்சு, அப்புறம் இப்படி... யாருக்கும் அடிபடல. ஷாபான் முழுசாத்தான் இருக்காரு... என்னது? அப்படித்தான் ஆகணுமா? ... ம். ம். பிரேக்குல தேயற இரும்புத் தூளு... அது சக்கரத்துல போய் ஒட்டிக்குது... ஆமா, கருப்பாத்தான் இருந்துச்சு, எத்தன தேச்சாலும் போகாது... அது மேல மருந்து பட்டா நெறம் மாறுமா. அப்ப ரத்தம் மாதிரி ஓடினா மருந்து நல்லா வேல செய்யுதுன்னு அர்த்தம். இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே... சொன்னீங்களா? யார்கிட்ட, ஷாபான்கிட்டயா? ... ம். சுவத்துகிட்ட சொல்லியிருந்தா அதாவது எங்களுக்கு வந்து சொல்லியிருக்கும்."

சிரிப்பு வந்தது அவளுக்கு. வந்த வேகத்திலேயே போனது. கம்பிக்கு மேல் குனிந்து, பயப்பட ஒன்றுமில்லை, அது இரும்புத் தூள், காய்வதற்குள் தண்ணீர் அடிக்கவேண்டும் என்று ஷாபானுக்குச் சொன்னாள். ஷாபான் உடனே, தனக்கு அது முதலிலிருந்தே தெரியும் என்றான். எதிர் பால்கனிக்காரிகள் கிளிப்பை வாயிலிருந்து எடுத்தார்கள். கல்யாணக் கார் ரத்தம் சிந்தியது என்ற சேதி இந்நேரம் ஹாஜா ரதீபாவின் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமோ என்று பஹீஜா நினைத்தாள். ஹஜ்ஜுக்குப் போய்வந்ததால் ஹாஜா என்று அழைக்கப்படும் ரதீபா, மாப்பிள்ளையின் தாயார்.

"...அழுகின முட்ட நாத்தமா வருது, அதுவும் அப்படித்தானா? ... சரி. சக்கரம் சூடா இருக்கறப்ப அடிக்கக் கூடாது... இல்ல, வண்டி ஒரு வாரமா எடுக்கவே இல்ல... என்னது, பாடிய எதுல கழுவினாரா? ஷாம்புலதான்... அதுக்கு முன்னாடியா? பாத்திரம் கழுவற சோப்புலதான். ரெண்டு வருஷமா அதுலதான் கழுவறாரு, நுரை நல்லா வருதுன்னு... சரி, சரி, திட்டாதீங்க. கல்யாண நாள்ல திட்டு வாங்க வேணாம்... மெழுகெல்லாம் உரிஞ்சுடுமா. பூசினது எதுவா இருந்தாலும் ரெண்டே கழுவுல போயிடுமா. எனக்கென்ன தெரியும் உஸ்தா, தட்டுக்கு நல்லதுன்னா காருக்கும் நல்லதுன்னு நெனச்சிருப்பாரு... இல்ல, இன்னும் வைக்கல. வைக்காதீங்க. ஒண்ணு கேக்கணும்."

கேட்கவேண்டியதை உடனே கேட்க அவளால் முடியவில்லை. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஷவ்கி கடைப் பை இருந்தது. அதைக் கீழே வைத்துக்கொள்ளாமல் மேலே கொண்டுவந்து வைக்கச் சொன்னது அவள்தான். தெருவில் வைத்தால் யாராவது தூக்கிப்போய்விடுவார்கள், எது வேண்டுமோ கேள், இறக்கிவிடுகிறேன் என்றிருந்தாள். மூன்று மாடி ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்காத ஷாபான் மகிழ்ந்துபோனான். தக்காளி வாங்கவும் ரொட்டி வாங்கவும் தினமும் இறங்கும் கயிற்றுக் கூடையில், இன்று காலையிலிருந்து ஒவ்வொரு பாட்டிலாக இறங்கிக்கொண்டிருந்தது. எது இறங்குகிறது, எது இறங்கவில்லை என்பது அவள் கையில் இருந்தது. அதற்காகத்தான் அந்த ஏற்பாடே.

"உஸ்தா, ஷாபான் வாங்கறப்ப உங்ககிட்ட என்னன்னு சொன்னாரு? ... ம். பழைய ரத்தக் கறன்னு சொன்னாரா. டிக்கி மேலன்னு... கல்யாணத்துக்குள்ள போகணும்னு... ஆமா. அது கற இல்ல உஸ்தா. அது எங்க வீட்டுக்காரரோட கை."

ஐந்து வருடத்துக்கு முன் அவள் கணவர் ஃபிக்ரி அந்தக் காரை வாங்கினார். ஏற்கெனவே ஒருவர் ஓட்டியதுதான், ஆனால் அவர் வாழ்க்கையின் முதல் கார். வாங்கிய அன்றே இந்தத் தெருவில் ஓர் ஆட்டுக்குட்டியை அறுத்து, கறியைத் தெரு முழுவதும் பகிர்ந்து, கண்ணேறு படாமலிருக்க வலது கையை ரத்தத்தில் நனைத்து டிக்கியின் மேல் அழுத்தி வைத்தார். எல்லோரும் செய்வதுதான். எல்லோரும் மறுநாளோ அதற்கு மறுநாளோ கழுவிவிடுவார்கள். ஃபிக்ரி கழுவவில்லை. அது ஜூலை. தெருவுக்கு வருவோர் போவோரெல்லாம் பார்க்கட்டும் என்று ஒன்பது நாள் வெயிலில் விட்டுவிட்டார். கழுவியபோது ரத்தம் போனது, கை போகவில்லை. மேல்பூச்சை அரித்து, பளபளப்பில்லாத ஓர் உருவமாகப் பெயிண்டிலேயே உட்கார்ந்துவிட்டது. படகுப் பட்டறைக் கடைசல் இயந்திரம் இளவயதில் அவருடைய மோதிர விரலில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. தன் கவனக்குறைவுதான் என்று எல்லோரிடமும் சொல்வார். டிக்கியிலும் நாலரை விரல்தான் பதிந்திருந்தது. யார் கை என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

நேற்று மாலை, தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, ஹாஜா ரதீபா மெதுவாகத்தான் சொன்னார். இறந்தவர் கை பதிந்த வண்டியில் மணப்பெண் ஏறி வருவது சரியாகத் தோன்றவில்லை, அதுவும் ரத்தக் கை என்றார். ஷாபான் முந்திக்கொண்டு, நாளை மதியத்துக்குள் இருந்த இடம் தெரியாது, அது என் பொறுப்பு என்றான். நிஹால் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஹீஜாவும் வாயைத் திறக்கவில்லை. தன் மகள் இனி வாழப்போகும் வீட்டின் தலைவியோடு முதல் நாளே எப்படி வாதாடுவது? இரவு முழுக்க அந்தப் பேசாத வாயைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தாள்.

"...இல்ல, அழல. கேளுங்க உஸ்தா. நீங்க வண்டிக்குப் பண்டுவம் தெரிஞ்சவரு. நான் பாட்டில ஒவ்வொண்ணா சொல்றேன். எது அந்தக் கைய ஒண்ணும் செய்யாது, எது செய்யும், அத மட்டும் சொல்லுங்க... போக வேணாம். இருக்கணும். எம் பொண்ணு அந்த வண்டியிலதான் போறா. அவ அப்பா கை அவ முதுகுப் பக்கம் இருக்கணும். அவ்வளவுதான் நான் கேக்கறது... ஹாஜாகிட்ட சொல்ல முடியல, அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன்... ஆமா. நீங்க கடைக்காரர்தான். அதனாலதான் கேக்கறேன்."

எதிர்முனையில், ஷவ்கியின் கடையில் யாரோ டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் வந்தது. பஹீஜா பையைத் தரையில் கவிழ்த்தாள்.

"மஞ்ச ஷாம்பு, அது எறங்கிடுச்சு... அது ஒண்ணும் செய்யாது. நல்லது. அடுத்தது சின்ன தகர டப்பா, மண்ணெண்ண வாசன அடிக்குது... தார் எடுக்கவா? கதவுக்குக் கீழ மட்டும்... கைக்கு ஆபத்தில்ல. சரி, அது எறங்கட்டும். இது என்ன, ரொட்டி மாவு மாதிரி ஒரு கட்டி, பிளாஸ்டிக் பெட்டியில... களிமண்ணா? காருக்கா? ... ஈரத்துல வச்சு இழுத்தா ஒட்டியிருக்கிற தூசியெல்லாம் மாவுல வந்துடும். ம்... ஒட்டினதத்தான் எடுக்கும், குழிஞ்சத எடுக்காது. அப்ப கை தப்பிக்கும். புரியுது, புரியுது. அடுத்தது ஒரு வெள்ளப் பாட்டில், பால் மாதிரி. குலுக்கினா கெட்டியா ஓடுது... ம்... அழுக்க எடுக்காதா. அப்ப எதுக்கு? ... கீறலு, குழி எல்லாத்துலயும் போய் உக்காந்து மூடிக்கும். வெளிச்சத்துல பாத்தாலும் தெரியாது... வண்டி விக்கறவங்க வாங்கறதா? வாங்க வர்றவன் கண்ண மறைக்க? ... உஸ்தா, இந்தப் பொய்க்காரப் பாட்டில எதுக்கு ஷாபான் தலையில கட்டினீங்க... ஓ, அவராத்தான் கேட்டாரா. அவரு கேப்பாரு. இது நமக்கு வேணாம்."

வெள்ளைப் பாட்டிலைப் பால்கனி மூலையில், காய்ந்த துளசித் தொட்டிக்குப் பின்னால் தள்ளினாள். கூடையை இழுத்து, தார் டப்பாவையும் களிமண் பெட்டியையும் வைத்து இறக்கினாள். கீழேயிருந்து ஷாபான், கறைக்கு உள்ள பசையை எப்போது அனுப்பப்போகிறாய் என்று கேட்டான். தேடிக்கொண்டிருக்கிறேன் என்றாள். அது அவள் காலடியில்தான் கிடந்தது.

"இதுதான் கடைசி. பெரிய டியூப், பற்பச மாதிரி... இதுவா? ... ம். மணல் மாதிரி நைஸா இருக்குமா. தேச்சா மேல்பூச்ச ஒரு சுத்து சாப்பிட்டுடும்... குழியோட ஆழம் வரைக்கும் சாப்பிட்டுட்டா குழி எங்க இருக்கும். ம்... திரும்ப வராது... வரவே வராது. சரி உஸ்தா. இது எறங்காது. ஒரு நிமிஷம் இருங்க."

சமையலறைக்குள் போய், துணி துவைக்கும் இயந்திரத்தின் கதவைத் திறந்து, டியூபை உள்ளே எறிந்து, மேலே நாலு ஈரத் துண்டுகளைப் போட்டு மூடினாள். திரும்பி வந்து பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஷாபான் குழாயால் காரின் பின்பக்கம் முழுவதும் தண்ணீர் அடித்துவிட்டு, கைப்பிடி கழன்ற வாளியைத் தேடிக்கொண்டிருந்தான். டிக்கி நனைந்து கண்ணாடிபோல் மின்னியது. அதில் எதுவும் இல்லை.

"உஸ்தா... உஸ்தா, கை இல்ல... இல்ல, நல்லாப் பாத்துட்டேன். நான் பேசிட்டிருக்கிற நேரத்துல என்ன பண்ணினாருன்னு தெரியல. ஷாம்பு போட்டாரு, அவ்வளவுதான். நீங்க ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னீங்களே... என்ன? ... ஈரம்தான். சொட்டச் சொட்ட ஈரம்... காயட்டுமா? ... தண்ணி குழியில நிக்கறப்ப தெரியாதா... சரி. சரி. பாக்கறேன். வைக்காதீங்க, எங்கூடயே இருங்க."

மதிய வெயில் நேராக டிக்கியின் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஓரங்களிலிருந்து ஈரம் சுருங்கிக்கொண்டு உள்ளே வந்தது. முதலில் உள்ளங்கையின் மேடு, பிறகு பெருவிரல். பிறகு ஒவ்வொன்றாக மற்றவை. பாதி விரல் கடைசியாக வந்தது. இத்தனை வருடத்தில் அவள் அதை இப்படி மேலே நின்று பார்த்ததே இல்லை. கீழே நின்று பார்த்தால் தள்ளுகிற கை மாதிரி இருக்கும். இங்கிருந்து பார்க்கும்போது யாரையோ இருக்கச் சொல்கிற கை மாதிரி இருந்தது.

"...வந்துடுச்சு. ஆமா. எல்லாம் இருக்கு... அல்ஹம்துலில்லாஹ். உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும் உஸ்தா. அந்தப் பசைய நான் ஒளிச்சு வச்சுட்டேன். அவரு கேட்டா தீந்துபோச்சு, கொட்டிடுச்சு, ஏதாவது சொல்லிக்கறேன். ஹாஜா வந்து பாத்தா, தேச்சோம், போகல, நாங்க என்ன செய்யன்னு... என்ன உஸ்தா? ... எதுக்கு இழுக்கறீங்க, சொல்லுங்க... ஓசியாவா? ... பெருசு வாங்கினதுக்கு ஒரு சின்ன டப்பா... அதே பசையா? ... பையில இல்லையே. எல்லாத்தையும் கொட்டிட்டேன், அப்படி எதுவும் இல்ல... அவரு கையில குடுத்தீங்களா. சட்டப் பையில போட்டுக்கிட்டாரா."

அவள் கீழே பார்த்தாள். ஷாபான் டிக்கியின் மேல் கவிழ்ந்திருந்தான். அவன் முதுகு மட்டும் தெரிந்தது. வலது தோள் வட்டமாக, சின்னச் சின்ன வட்டமாக அசைந்துகொண்டிருந்தது.

"ஷாபான். ஷாபான், நிறுத்து."

தெருமுனையில் எரிவாயு விற்பவன் உருளைகளைத் திருகுசாவியால் தட்டிக்கொண்டு போனான். அவள் குரல் அந்தச் சத்தத்தில் போய்விட்டது. பஹீஜா ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே ஓடினாள். கல்யாணத்துக்கு வாங்கிய புதுச் செருப்பு இரண்டாவது மாடியில் ஒன்று, முதல் மாடியில் ஒன்று என்று கழன்றுகொண்டது.

"...எறங்கறேன் உஸ்தா... ஓடறேன்... எத்தன நேரத்துல போகும்? ... கையால தேச்சா அஞ்சு நிமிஷமா... இல்ல, இப்பத்தான் ஆரம்பிச்சிருப்பாரு, நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்... இல்ல, பாக்கல. அந்தப் பசைய ஒளிச்சாச்சுங்கற நிம்மதியில... கைக்குக் காவல் இருக்கறேன்னு பாட்டிலுக்குக் காவல் இருந்திருக்கேன் உஸ்தா... விடுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க. நீங்க நல்லதுன்னு குடுத்தீங்க."

வாசலைத் தாண்டி வெறுங்காலோடு சூடான தெருவில் இறங்கியபோது, ஷாபான் தேய்த்துக்கொண்டிருக்கவில்லை. கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தான். துணி மடியில் கிடந்தது. சின்ன டப்பா டிக்கியின் ஓரத்தில் திறந்தபடி இருந்தது. பஹீஜா அவனைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். சுண்டு விரல் இல்லை. அது இருந்த இடம் ஆற்று நீர் மாதிரி மின்னியது. அதற்கு அடுத்த பாதி விரல் இருந்தது. மற்ற மூன்றும் இருந்தன.

ஷாபான் தானாகவே பேசினான். சுண்டு விரலில் ஆரம்பித்தேன், போய்விட்டது, அடுத்தது இது, இதற்கு மேல் கை ஓடவில்லை என்றான். பட்டறையில் தனக்கு அப்போது பத்தொன்பது வயது என்றான். அண்ணன் இயந்திரத்துக்குள் கைவிட்டுச் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தபோது, பார்க்காமல் விசையைத் தட்டியது தான்தான் என்றான். அண்ணன் அதை முதலாளியிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஒருமுறை எடுத்த விரலை இன்னொரு முறையும் நானே எடுக்கவா என்று கேட்டுவிட்டு, சோப்பு நுரை காய்ந்த கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

பஹீஜா ஃபோனை இறக்கினாள். ஆனால் அணைக்கவில்லை.

"எங்கிட்ட சொன்னாரு ஷாபான். கல்யாணம் ஆன மொத வாரமே சொல்லிட்டாரு. ஒருநாளும் அவங்கிட்ட இதக் கேட்டுடாதே, அவன் தாங்க மாட்டான்னும் சொன்னாரு. முப்பது வருஷமா எனக்குத் தெரியும்."

ஷாபான் கையை எடுத்து அவளைப் பார்த்தான். அவன் முகம் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியாத முகமாக இருந்தது. பிறகு எழுந்து, டப்பாவின் மூடியைத் தேடி எடுத்து இறுக்கி மூடி, சாக்கடையில் எறிந்தான். எறிந்த பிறகுதான், ஹாஜாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேனே, இப்போது என்ன சொல்வது என்றான். அதற்குள் தொலைவில், பெரிய சாலைப் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. வேறு யார் வீட்டுக் கல்யாணமாகவும் இருக்கலாம். இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"உஸ்தா, இருக்கீங்களா? ... இருக்கீங்க. எல்லாத்தையும் கேட்டீங்களா... சரி, கேட்டது உங்க கடைக்குள்ளயே இருக்கட்டும். ஒரு விரல் போச்சு உஸ்தா. சுண்டு விரல்... அது இனி வராதுல்ல... ம். தேஞ்சது தேஞ்சதுதான்... இல்ல, அழல. மிச்சம் இருக்கு. பாதி விரல் இருக்கு. அது போதும்."

மேளம் நெருங்கியது. எதிர் பால்கனிக்காரி குனிந்து, மாப்பிள்ளை வீட்டு வண்டிகள்தான், நேரத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள் என்று சொன்னாள். ஷாபான் டிக்கிக்கு முன்னால் போய், தன் அகலத்தால் அதை மறைக்க முடியுமா என்பதுபோல் நின்றுகொண்டான். பஹீஜா அண்ணாந்து தன் பால்கனியைப் பார்த்தாள். துளசித் தொட்டி தெரிந்தது.

"உஸ்தா, அந்தப் பொய்க்காரப் பாட்டில்... ஆமா, பால் மாதிரி வெள்ள. அது எதையும் சாப்பிடாதுன்னு சொன்னீங்க. குழியில உக்காந்து மூடும், அவ்வளவுதானே... தேய்க்க எத்தன நேரம்? ... ரெண்டு நிமிஷம் காய விட்டுத் தொடச்சா போதுமா... மூணு நிமிஷத்துல தெரியாமப் போயிடுமா. ஹாஜா கிட்ட வந்து பாத்தாலும்? ... ஆனா அடியில கை அப்படியே இருக்கும். சத்தியமா இருக்கும்ல... வல்லாஹின்னு சொல்லுங்க... சரி. நம்பறேன்."

ஃபோனைக் காதோடு தோளில் இடுக்கிக்கொண்டு, மாடியிலிருந்த எதிர்வீட்டுக்காரியின் மகளைக் கூப்பிட்டு, எங்கள் வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கிறது, தொட்டிக்குப் பின்னால் இருப்பதைக் கூடையில் வைத்து இறக்கு என்றாள். அந்தப் பெண் தெருவைக் கடந்து மூன்று மாடி ஏறியது ஒரு யுகமாக இருந்தது. வெள்ளைப் பாட்டில் கூடையில் ஆடி ஆடி வந்தது. ஷாபான் கையை நீட்டினான். பஹீஜா தரவில்லை. துணியில் ஊற்றி, தானே பூசினாள். உள்ளங்கை, பெருவிரல், நடு விரல். பாதி விரலின் மேல் வந்தபோது மட்டும் துணியை விட்டுவிட்டுத் தன் விரலாலேயே தடவினாள். வெள்ளையாகக் காய்ந்தது. துடைத்தாள். கருநீலத்தில் வானமும் எதிர்வீட்டுத் துணிகளும் அவள் முகமும் தெரிந்தன. வேறொன்றும் தெரியவில்லை.

முதல் வண்டி தெருவுக்குள் திரும்பியது. ஹாஜா ரதீபா முன் இருக்கையில் இருந்தார். ஷாபான் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டு, வந்து பாருங்கள், சொன்னதைச் செய்துவிட்டேன் என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. அதை மகிழ்ச்சி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"...வந்துட்டாங்க உஸ்தா. வைக்கணும். ஒண்ணே ஒண்ணு... வண்டி நாளைக்குத் திரும்பி வந்துடும். எத்தன தடவ கழுவினா கை மறுபடி தெரியும்? ... ஷாம்புல கழுவினா ஆறேழு தடவ. ம். நாளாகும்... பாத்திரம் கழுவற சோப்புல? ... ரெண்டே தடவையா. ஆமா, திட்டினீங்க, ஞாபகம் இருக்கு... எங்ககிட்ட அது நெறைய இருக்கு உஸ்தா. சரி, வச்சிடறேன்."